பராகுவே யாரிடமிருந்து விடுதலை பெற்றது?

வாசகர் கேள்வி, 12 மே 2024

தென்னமெரிக்க விடுதலை வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். வடக்கே பொலிவார், தெற்கே சான் மார்ட்டின், மெக்சிகோவில் இதால்கோ என்று எங்கு பார்த்தாலும் ஸ்பெயினோடு பத்து, பதினைந்து வருடச் சண்டை. பராகுவே மட்டும் 1811 மே மாதம் ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிட்டது. சண்டை போடாமல் கிடைத்த சுதந்திரம் என்பதால்தான் அடுத்த முப்பது வருடம் ஒரு சர்வாதிகாரியிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. சரிதானே?

12 மே 2024, இரவு

சண்டையே இல்லை என்பது சரியல்ல. அந்த மே மாதத்துக்கு முன்னால், அதே 1811-லேயே, இரண்டு பெரிய சண்டைகள் நடந்து முடிந்திருந்தன. அவை ஸ்பெயினோடு நடந்தவை அல்ல. இன்றைய அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் அயர்ஸோடு நடந்தவை.

1810 மே 25-ல் புவனோஸ் அயர்ஸ் தன் வைஸ்ராயை இறக்கிவிட்டுச் சொந்தமாக ஓர் ஆட்சிக் குழுவை வைத்துக்கொண்டது. பழைய வைஸ்ராய் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களெல்லாம் இனி எங்கள் சொல் கேட்க வேண்டும் என்று ஓலை போனது. அந்த ஓலையைப் பராகுவேயின் தலைநகரான அசுன்சியோனுக்குக் கொண்டுபோனவர் எஸ்பினோலா. பராகுவேயில் ஊர்க்காவல் படைக்கு ஆள் பிடித்தே கெட்ட பெயர் வாங்கியவர். அவரைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு மனம் கசந்துவிட்டது. ஜூலை 24-ல் அசுன்சியோனில் கூடிய சபை இப்படி முடிவெடுத்தது: ஸ்பெயினில் அரசர் பெயரில் ஆளும் குழுவை ஏற்கிறோம்; புவனோஸ் அயர்ஸோடு நட்பாக இருப்போம்; ஆனால் அது எங்களுக்கு மேலே இல்லை.

உடனே புவனோஸ் அயர்ஸிலிருந்து பெல்கிரானோ தலைமையில் படை கிளம்பியது. படிப்பால் வக்கீல், சூழ்நிலையால் தளபதி. ஆயிரம் பேருக்கும் குறைவான படையோடு டிசம்பரில் பரானா ஆற்றைக் கடந்தார். பராகுவே மக்கள் பேசும் பழங்குடி மொழியான குவாரனியிலேயே அறிக்கைகள் எழுதி முன்கூட்டி அனுப்பியிருந்தார். மக்கள் திரண்டு வந்து வரவேற்பார்கள் என்று நினைத்தார். வழியெல்லாம் காலி வீடுகள்தான் இருந்தன.

1811 ஜனவரி 19, பராகுவாரி. விடியற்காலையில் பெல்கிரானோவின் ஆட்கள் நடுப்பகுதியை உடைத்து ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள். ஸ்பானிய ஆளுநர் வெலாஸ்கோ எல்லாம் போச்சு என்று களத்தை விட்டு ஓடிவிட்டார். தோற்றுவிட்டோம் என்ற செய்தி அசுன்சியோனுக்குப் போய், அங்கிருந்த ஸ்பானியர்கள் மூட்டைமுடிச்சோடு படகேறத் தயாரானார்கள். அதற்குள் உள்ளே புகுந்தவர்கள் கொள்ளையில் இறங்க, இரண்டு பக்கமும் நின்ற கபாஞாஸ், கமாரா என்ற உள்ளூர் அதிகாரிகள் திரும்பி அடித்து ஜெயித்துவிட்டார்கள். மார்ச் 9-ல் தக்குவாரி ஆற்றங்கரையில் இன்னொரு முறை. அதோடு பெல்கிரானோ பின்வாங்கினார்.

உங்கள் ‘ஒரே ராத்திரி’க்கான விளக்கம் இதில்தான் இருக்கிறது. புவனோஸ் அயர்ஸைத் தடுக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. ஸ்பெயினின் ஆளுநர் ஓடுவதையும் கண்ணால் பார்த்தாகிவிட்டது. அதற்கப்புறம் மே மாதத்தில் ராத்திரி முழுக்க யாரை எதிர்த்துச் சுட வேண்டும்?

சர்வாதிகாரி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அது பெரிய கதை.

13 மே 2024

இரண்டு தரப்பும் ஸ்பானிய மொழி, ஒரே மதம், ஒரே வைஸ்ராய் ஆட்சி. அப்புறம் ஏன் புவனோஸ் அயர்ஸ் மேல் இவ்வளவு கோபம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

ஆறு. என் பதில் அதுதான். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக இருந்த காலத்தில் சோயாப் புண்ணாக்கு ஏற்ற பரானா ஆற்றில் சான் லொரென்சோ வரை போயிருக்கிறேன். கடலை விட்டு உள்ளே வந்ததும் தண்ணீர் பால் கலந்த டீ நிறம். ஆற்றில் வழிகாட்டும் பைலட் ஏறினால் கையில் பிளாஸ்க், மாத்தே குடுவை, உறிஞ்சும் உலோகக் குழல். ஹெல்ம்ஸ்மேனுக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டே ஒரு வாய் உறிஞ்சுவார். கரை இரண்டு பக்கமும் ஒரே தட்டை. ஆற்றின் ஆழத்தைப் பொறுத்துத்தான் சரக்கு. வயிறு நிறைய ஏற்ற முடியாது. அரைகுறையாக ஏற்றிக்கொண்டு கடலுக்கு இறங்கி, பாஹியா பிளாங்காவில் மீதியை நிரப்புவோம். ஆறு அரை அடி குறைந்தால் ஆயிரக்கணக்கான டன் கரையிலேயே நின்றுவிடும்.

எதிரே மேலிருந்து பார்ஜ்கள் வரும். ஒன்றோடொன்று கட்டி, பாய் விரித்தது மாதிரி வரிசை வரிசையாக. பின்னால் ஒரு தள்ளு படகு. நிறைய படகுகளில் பராகுவே கொடி. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. அதன் சோயா, சோளம் எல்லாம் இந்த ஆற்றில் இறங்கி, அடுத்த நாட்டின் கரையோரமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்துதான் உலகத்தைத் தொட வேண்டும்.

நம் ஊர்ப் பாதைத் தகராறு தெரியும் அல்லவா? வீடு உங்களுடையது, தெருவுக்குப் போகிற சந்து பங்காளியுடையது. பராகுவேயின் வரலாறு முழுக்க அந்தச் சந்துதான்.

ஸ்பெயின் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பராகுவேயின் செல்வம் யெர்பா இலை, புகையிலை, மரம், தோல். யெர்பா என்பது மேலே சொன்ன மாத்தே பானத்துக்கான இலை. தெற்கு முழுக்க அதற்குச் சந்தை. ஆனால் அசுன்சியோனிலிருந்து இறங்கும் சரக்கு வழியிலுள்ள சாந்தா ஃபேயில் கட்டாயமாக நின்று வரி கட்ட வேண்டும் என்று வெகுகாலம் விதி இருந்தது. அடுத்து புவனோஸ் அயர்ஸில் வேறு வரி. புகையிலை அரசின் தனியுரிமை. விளைவித்தவன் விலை சொல்ல முடியாது. கூடவே இன்னொரு கொடுமை: எல்லையில் போர்ச்சுகீசியரையும் சாக்கோ பக்கத்துப் பழங்குடிகளையும் தடுக்கும் ஊர்க்காவல் படைக்குச் சம்பளமே கிடையாது. குடியானவன் தன் குதிரையோடு, தன் சோற்றோடு போய் மாதக்கணக்கில் காவல் நிற்க வேண்டும். அவன் நிலம் தரிசாகக் கிடக்கும்.

இதில் மனதை அறுப்பது என்னவென்றால், அசுன்சியோன்தான் மூத்த ஊர். 1537-ல் உண்டானது. புவனோஸ் அயர்ஸ் முதலில் கைவிடப்பட்டு, 1580-ல் அசுன்சியோனிலிருந்து இறங்கிப் போன ஆட்களாலேயே திரும்பக் கட்டப்பட்டது. 1776-ல் வைஸ்ராய் ஆட்சியின் தலைநகராகப் புவனோஸ் அயர்ஸை உட்கார வைத்தார்கள். தான் பெற்ற ஊருக்கே கப்பம் கட்டும் நிலை தாய் ஊருக்கு வந்தது.

13 மே 2024, சற்றுப் பிறகு

அப்படியானால் பராகுவே மக்கள் அரச விசுவாசிகளா என்ற கேள்விக்கு: 1810 ஜூலைத் தீர்மானத்தை அப்படிப் படிக்கக் கூடாது. தொலைவில் இருக்கிற அரசர் பெயரை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற எஜமானனை மறுத்தார்கள். அரசரோ அப்போது நெப்போலியனின் பிடியில். ஒன்றும் கேட்க முடியாத நிலையில் இருந்த அரசரைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

14 மே 2024

இன்றைக்கு அந்த நாள் என்பதால் ராத்திரிக் கதையை முழுதாகச் சொல்கிறேன்.

பராகுவாரியில் ஓடிப்போன வெலாஸ்கோ திரும்பி வந்து பதவியில் உட்கார்ந்துகொண்டார். ஜெயித்துக் கொடுத்த உள்ளூர் வீரர்களை நன்றி கூடச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்து புவனோஸ் அயர்ஸ் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று பிரேசிலில் இருந்த போர்ச்சுகீசியரிடம் உதவிக்குப் படை கேட்டார். மே மாத ஆரம்பத்தில் அப்ரேயு என்ற போர்ச்சுகீசிய அதிகாரி பேச்சுவார்த்தைக்காக அசுன்சியோனுக்கே வந்து இறங்கினார். எல்லையில் தலைமுறை தலைமுறையாக யாரை எதிர்த்துக் காவல் நின்றார்களோ, அவர்களையே வீட்டுக்குள் அழைக்கிறார் ஆளுநர். அதிகாரிகள் கொதித்ததில் வியப்பில்லை.

ஆளுநரைக் கவிழ்க்க அவர்கள் போட்ட சதியை இன்னும் கொஞ்சம் தள்ளி, அவர்களில் ஒருவரான ஃபுல்ஹென்சியோ யெக்ரோஸ் தெற்கே இத்தாபுவாவிலிருந்து படையோடு வந்த பிறகு நடத்துவதாகத்தான் திட்டம். விஷயம் கசிந்த மாதிரி தெரிந்ததும் இன்னொரு அதிகாரியான பெத்ரோ ஹுவான் கபாலியேரோ காத்திருக்கவில்லை. மே 14 இரவு, நகர நடுவில் மார்ட்டினெஸ் சாயென்ஸ் குடும்பத்தின் வீட்டில் கூடியிருந்தவர்கள் பக்கத்துச் சந்து வழியாக நடந்து படைமுகாமுக்குப் போனார்கள். அங்கே காவல் இருந்தவர்கள் குருகுவாத்தி ஊர்க்காரர்கள்; ஏற்கெனவே இவர்கள் பக்கம். கதவு உள்ளிருந்தே திறந்தது. பீரங்கிகளை இழுத்து வந்து ஆளுநர் மாளிகையைப் பார்த்து நிறுத்தினார்கள். இதுர்பே என்ற அதிகாரி நிபந்தனைக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 15 காலையில் வெலாஸ்கோ ஒப்புக்கொண்டார்.

அந்த வீடு இன்னும் இருக்கிறது, 1772-ல் கட்டியது. இப்போது அருங்காட்சியகம். சந்தும் இருக்கிறது.

வெலாஸ்கோவை உடனே தூக்கி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரோடு கூடவே இருவரை உட்கார வைத்தார்கள். அதில் ஒருவர்தான் உங்கள் சர்வாதிகாரி, டாக்டர் ஹோசே காஸ்பர் ரோட்ரிகெஸ் டே ஃபிரான்சியா. துப்பாக்கி பிடித்தவர் அல்ல. கோர்தோபாவில் இறையியல் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர், ஊரில் வக்கீல் தொழில். கடிதம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்காகக் கூப்பிட்டார்கள். ஜூனில் வெலாஸ்கோ வெளியே போனார். யெக்ரோஸ் தலைமையில் ஐந்து பேர் குழு வந்தது.

16 மே 2024

மேலே ‘கடிதம் எழுதத் தெரிந்த ஆள்’ என்று சொன்னதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். 1811 ஜூலை 20-ல் அந்தக் குழு புவனோஸ் அயர்ஸுக்கு அனுப்பிய கடிதம் பராகுவேயின் உண்மையான பிறப்புச் சான்றிதழ் என்பது என் கருத்து. ஃபிரான்சியாவின் கைவண்ணம் என்றே கருதப்படுகிறது. சாரம் இது: மேலே இருந்த அதிகாரம் விழுந்துவிட்டால் அது திரும்ப மக்களிடம்தான் வரும், புவனோஸ் அயர்ஸிடம் போகாது. சேர்ந்து இருக்கத் தயார், சமமாக மட்டும்.

அக்டோபர் 12-ல் ஒப்பந்தம் ஆனது. இந்த முறை பெல்கிரானோ படையோடு வரவில்லை, தூதராக வந்தார். அசுன்சியோனில் புகையிலைத் தனியுரிமை ஒழிந்தது. யெர்பா வரி இனி அசுன்சியோனிலேயே வசூலாகும். பாருங்கள், இறையாண்மை பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் புகையிலையையும் இலை வரியையும்தான் முதலில் தீர்த்தார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த வருடமே புவனோஸ் அயர்ஸ் பராகுவே புகையிலைக்கு மறுபடி வரியைக் கூட்டியது. ஒப்பந்தம் காகிதமாயிற்று.

19 மே 2024

1813 மாநாடு பற்றிக் கேட்டவருக்கு.

புவனோஸ் அயர்ஸ், எர்ரேரா என்ற தூதரை அனுப்பி, எங்கள் சபைக்குப் பிரதிநிதிகளை அனுப்புங்கள் என்று நெருக்கியது. அவரை அசுன்சியோனில் மாதக்கணக்கில் காத்திருக்க வைத்துவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளைக் கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுத்து வரச் சொன்னார்கள். எவ்வளவு சின்ன நாடு, எவ்வளவு பெரிய கூட்டம்! வந்தவர்களில் பெரும்பாலோர் குடியானவர்கள். புவனோஸ் அயர்ஸுக்கு ஆள் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டு, 1813 அக்டோபர் 12-ல் பராகுவே தன்னைக் குடியரசு என்று அழைத்துக்கொண்டது. எர்ரேராவை அந்தக் கூட்டத்தில் பேசவே விடவில்லை.

ஆட்சிக்கு இரண்டு கான்சல்கள்: யெக்ரோஸ், ஃபிரான்சியா. நாலு மாதத்துக்கு ஒருவர். படையும் ஆயுதமும் ஆளுக்குப் பாதி. இருவருக்கும் இரண்டு நாற்காலி செய்தார்கள். ஒன்றுக்கு சீசர் என்றும் மற்றொன்றுக்கு, ரோமில் சீசரிடம் தோற்ற தளபதியான பொம்பேயுஸ் என்றும் பெயர். ஃபிரான்சியா சீசரில் உட்கார்ந்தார். முதல் முறையும் அவருக்கே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் நாலு மாதம் அவர், நடு நாலு மாதம் யெக்ரோஸ், கடைசி நாலு மாதம் மறுபடி அவர். பன்னிரண்டில் எட்டு. அடுத்த மாநாடு கூடும் நேரத்தில் ஆட்சி அவர் கையில். 1814 அக்டோபரில் ஐந்து வருடத்துக்கு உச்ச சர்வாதிகாரி. 1816 ஜூனில் ஆயுள் முழுக்க.

இதை அபகரிப்பு என்று சொல்ல முடியவில்லை. மாநாடு வாக்களித்துக் கொடுத்தது. கிராமத்திலிருந்து வந்தவர்கள் அவரை நம்பினார்கள். பணக்காரக் குடும்பங்களைவிட அவரை அதிகமாக நம்பினார்கள்.

20 மே 2024

ஒரு சின்னச் சேர்க்கை. 1814 மார்ச்சில் வந்த சட்டம் பலருக்குத் தெரியாது: ஐரோப்பாவில் பிறந்தவர் இங்குள்ள வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்யக் கூடாது. பழங்குடிப் பெண்ணை, கலப்பினப் பெண்ணை, கறுப்பினப் பெண்ணைக் கட்டலாம். ஸ்பானிய வியாபாரிகள் உள்ளூர்ப் பெரிய குடும்பங்களோடு சம்பந்தம் செய்துதான் செல்வாக்கு வளர்த்தார்கள். அந்த வேரை ஒரே சட்டத்தில் வெட்டினார்கள். எத்தனை நாடுகளில் எத்தனை புரட்சிகள் நடந்தும் சொத்துக் குடும்பங்கள் அப்படியே நிலைத்தன என்று பார்த்தால், இந்தச் சட்டத்தின் கூர்மை புரியும்.

26 மே 2024

இனி ஃபிரான்சியா. இழை தொடங்கியவரின் வாதம்: சண்டையில்லாச் சுதந்திரம், அதனால் சர்வாதிகாரம். இன்னொரு நண்பர் நேர் எதிராக, அவர் ஏழைகளின் காவலர், ஏகாதிபத்தியத்தைத் தடுத்தவர் என்கிறார். நான் வெகுகாலம் இரண்டாவது கட்சிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது அவ்வளவு எளிதாக நிற்க முடியவில்லை.

முதலில் அவர் பக்க நியாயம். நாட்டை மூடினார் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. ஆற்றை நினைவில் வைத்துப் பாருங்கள். கீழே அர்ஜென்டினா மாகாணங்களுக்குள் தீராத உள்நாட்டுச் சண்டை. இறங்கும் படகைச் சாந்தா ஃபேயில் ஒருவன் பிடிப்பான், கொரியென்தேஸில் இன்னொருவன் பிடிப்பான். பூட்டு வெளியே இருக்கிறது. உள்ளிருந்து அவரும் ஒரு தாழ்ப்பாள் போட்டார். முழுதாகவும் மூடவில்லை. தெற்கே பிலார், தென்கிழக்கே இத்தாபுவா இரண்டு இடங்களிலும் அனுமதியோடு வியாபாரம் நடந்தது. இத்தாபுவா வழியாகப் பிரேசில் சரக்கு வந்து போனது.

உள்ளே செய்தது பெரிது. தேவாலயச் சொத்தையும் எதிரிகளின் நிலத்தையும் அரசு எடுத்து, சிறு வாடகைக்குக் குடியானவர்களுக்குக் கொடுத்தது. அரசே நடத்திய மாட்டுப் பண்ணைகள் படைக்கு இறைச்சியும் தோலும் குதிரையும் தந்தன. மடங்களை 1824-ல் மூடினார். தனக்கென்று எதுவும் சேர்க்கவில்லை. சம்பளத்தில்கூட ஒரு பகுதியை எடுக்காமல் விட்டுப்போனார். அண்டை நாடுகள் எரிந்துகொண்டிருந்த காலத்தில் பராகுவே குடியானவன் தன் நிலத்தில் உழுதுகொண்டிருந்தான். இது சின்ன விஷயம் இல்லை. மக்கள் அவரைக் குவாரனியில் ‘கராய் குவாசு’ என்றார்கள்: பெரிய ஐயா.

அடைக்கலமும் தந்தார். உருகுவேயின் விடுதலைத் தலைவர் ஆர்த்திகாஸ் 1820-ல் தோற்று எல்லாவற்றையும் இழந்து ஆற்றைக் கடந்து வந்தார். அதற்கு முன் இருவருக்கும் சுமுகம் கிடையாது. ஆனாலும் இடம் கொடுத்து, மானியம் கொடுத்து, குருகுவாத்தியில் குடியமர்த்தினார். ஆர்த்திகாஸ் திரும்பிப் போகவே இல்லை. 1850-ல் பராகுவே மண்ணிலேயே இறந்தார்.

இப்போது மறுபக்கம். 1820-ல் அவரைக் கொல்ல ஒரு சதி வெளிப்பட்டது. பாவமன்னிப்புக் கேட்கப் போனவர் பாதிரியாரிடம் சொல்ல, அது அரசிடம் வந்தது. கைது, விசாரணை, சித்திரவதை. 1821 ஜூலையில் கபாலியேரோ சிறை அறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். சில நாளில், ஜூலை 17-ல், யெக்ரோஸைச் சுட்டுக் கொன்றார்கள். மே 14 இரவில் சந்து வழியாக நடந்தவர், இத்தாபுவாவிலிருந்து வரக் காத்திருந்தவர். பத்து வருடம் கழித்து இருவரும் தாங்கள் உண்டாக்கிய நாட்டின் சிறையில் முடிந்தார்கள். இதை எழுதும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

போன்பிளான் கதையும் இருக்கிறது. ஜெர்மன் ஆய்வாளர் ஹும்போல்ட்டோடு ஓரினோக்கோ, ஆண்டீஸ் எல்லாம் சுற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர். பரானாவுக்குத் தெற்கே, யாருடையது என்று தகராறு இருந்த நிலத்தில் யெர்பா பயிரிட ஆரம்பித்தார். 1821 டிசம்பரில் பராகுவே வீரர்கள் ஆற்றைக் கடந்து போய்ப் பிடித்து வந்தார்கள். பொலிவாரே கடிதம் எழுதியும் பலனில்லை. 1829 வரை அவர் வெளியே விடப்படவில்லை. யெர்பாவுக்குப் போட்டி வரக் கூடாது என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. அதற்கு ஒரு மனிதனின் எட்டு வருடத்தை எடுத்துக்கொள்வதை ஏற்க முடியவில்லை. அங்கேயும் அவர் ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்து, தோட்டம் போட்டு வாழ்ந்தார்.

1816-க்குப் பிறகு மாநாடு கூடவே இல்லை. செய்தித்தாள் இல்லை. ஆயிரம் பேரைக் கூட்டி வாக்களித்த நாட்டில் பேசுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. வணிகம் மூடிக் கிடந்ததை ஆறு விளக்குகிறது. சிறைகளை அது விளக்காது. இந்த இரண்டையும் வெகுநாள் ஒன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்; இப்போது பிரித்துத்தான் பார்க்கிறேன்.

27 மே 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டது: அப்படியானால் சர்வாதிகாரத்துக்குக் காரணம் என்ன? முற்றுகையில் இருக்கிறோம் என்ற பயம் என்பேன். வெளியே ஆபத்து மெய்யாகவே இருந்தது. அதனால் உள்ளே இருந்த எதிர்ப்பெல்லாம் துரோகமாகத் தெரிந்தது. போராடாமல் கிடைத்ததால் அல்ல. பத்து வருடம் ரத்தம் சிந்திய நாடுகளிலும் சர்வாதிகாரிகள் வந்தார்கள், வரிசையாக.

2 ஜூன் 2024

ஃபிரான்சியா 1840 செப்டம்பர் 20-ல் இறந்தார். வாரிசு இல்லை, முறை எதுவும் எழுதி வைக்கவில்லை. படைமுகாம் அதிகாரிகள் சில மாதம் ஒருவரை ஒருவர் கவிழ்த்தார்கள். 1841-ல் மறுபடி இரண்டு கான்சல்கள்: கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ், மரியானோ ரோக்கே அலோன்சோ. உள்நாட்டுப் போர் வரவில்லை என்பதை ஃபிரான்சியாவின் கணக்கில் வரவு வைக்கலாம்.

இவர்கள் காலத்தில்தான், 1842 நவம்பர் 25-ல், ‘நாங்கள் என்றென்றைக்கும் சுதந்திர நாடு’ என்று முறையான பிரகடனம் வந்தது. முப்பத்தொரு வருடம் சுதந்திரமாக வாழ்ந்த பிறகு! இன்றைய கொடியும் அந்த மாநாட்டில் வந்ததுதான். இரண்டு பக்கமும் வேறு வேறு சின்னம் உள்ள கொடி. ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் சிங்கம். பார்ஜ்களில் பறப்பதைத் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். காற்று மாறினால்தான் மறுபக்கம் தெரியும். அதே 1842-ல் இனி அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை குறிப்பிட்ட வயதில் விடுதலை பெறும் என்று சட்டம் வந்தது. அடிமை முறை முழுதாக ஒழிய 1869 வரை ஆனது.

பிரகடனம் யாருக்கு? ஸ்பெயினுக்கு அல்ல. புவனோஸ் அயர்ஸில் ஆளுநராக ரோசாஸ் உட்கார்ந்திருந்தார். பராகுவே என்பது ஓடிப்போன மாகாணம், திரும்பி வரும் என்பது அவர் நிலை. பிரேசில் 1844-லேயே அங்கீகரித்தது. ரோசாஸ் ஆற்றைத் திறக்கவில்லை. லோபெஸ் 1845-ல் நாட்டின் முதல் செய்தித்தாளைத் தொடங்கியதே வாரா வாரம் இந்த வாதத்துக்குப் பதில் சொல்லத்தான்.

8 ஜூன் 2024

ஆற்றுக்குத் திரும்புகிறேன். சான் லொரென்சோவுக்குப் போகும் வழியில் ஒபிளிகாடோ வளைவு வரும். ஆறு அங்கே ஒடுங்கும். கப்பலை ரொம்பக் கவனமாகத் திருப்ப வேண்டிய இடம். பைலட் மாத்தேயைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். 1845 நவம்பர் 20-ல் ரோசாஸின் ஆட்கள் அங்கே படகுகளை வரிசையாக நிறுத்தி, குறுக்கே சங்கிலி கட்டி, ஆங்கில, பிரெஞ்சுக் கப்பல்களைத் தடுத்தார்கள். கப்பல்கள் சங்கிலியை உடைத்து மேலே போயின. அர்ஜென்டினாவில் அந்த நாள் தேசிய இறையாண்மை நாள், விடுமுறை. எங்கள் பைலட் கரையைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். அவர் பெருமை நியாயமானது. ஐரோப்பிய பீரங்கிக்கு முன்னால் நின்றவர்கள் அவர் முன்னோர்கள்.

அதே சங்கிலியை மேலே இருந்து, அசுன்சியோனிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அந்த வருடமே பராகுவே, கொரியென்தேஸ் மாகாணத்தோடு சேர்ந்து ரோசாஸுக்கு எதிராக நின்றது. ஒரே ஆற்றில் இரண்டு சுதந்திரம் மோதியது. இரண்டில் ஒன்றைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

1852 பிப்ரவரியில் கசேரோஸ் சண்டையில் ரோசாஸ் விழுந்தார். ஜூலையில் அர்ஜென்டினக் கூட்டமைப்பு பராகுவேயை அங்கீகரித்தது. மறு வருடம் நிறைய நாடுகளோடு ஒப்பந்தங்கள். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் நாடு நிமிர்ந்தது: இபிக்குயியில் இரும்பு உலை, அசுன்சியோனில் நீராவிக் கப்பல் கட்டும் துறை, 1861-ல் ரயில், வெளிநாட்டுப் பொறியாளர்கள், படிக்க ஐரோப்பாவுக்குப் போன இளைஞர்கள்.

அதன்பின் 1864-ல் ஆரம்பித்து 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றையும் எதிர்த்து நடந்த போர். லோபெஸின் மகன் பிரான்சிஸ்கோ சோலானோ லோபெஸ் காலம். மக்கள் தொகையில் எவ்வளவு அழிந்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். வயது வந்த ஆண்களில் பெரும்பகுதி போனது என்பதில் சண்டை இல்லை. அந்தப் போருக்குத் தனி இழை வேண்டும். இங்கே போட்டுத் திணிக்க மாட்டேன்.

15 ஜூன் 2024

குவாரனி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பெல்கிரானோ குவாரனியில் அறிக்கை அனுப்பியதும் எடுபடவில்லை என்று முதல் குறிப்பில் சொன்னேன். அதே மொழியில்தான் அவரைத் தோற்கடித்தவர்களும் பேசினார்கள். தென்னமெரிக்காவில் ஆளும் குடும்பம், குடியானவன் இருவருமே வீட்டில் பழங்குடி மொழி பேசிய நாடு வேறு சொல்வது கடினம். ஆனாலும் அது ஆட்சி மொழியாக ஸ்பானியத்துக்குச் சமமாக வர 1992 அரசியலமைப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

23 ஜூன் 2024

தேர்வுக்கு எந்த வருடத்தை எழுதுவது என்று இழை தொடங்கியவர் மறுபடி கேட்கிறார். 1811 மே 14, 15 என்று எழுதுங்கள். பராகுவே கொண்டாடுவது அதைத்தான். விரிவாகக் கேட்டால் 1813 குடியரசு, 1842 பிரகடனம், 1852 அங்கீகாரம் மூன்றையும் சேருங்கள். ஸ்பெயின் 1880-ல்தான் ஒப்பந்தம் போட்டு அங்கீகரித்தது. அதற்காக அசுன்சியோனில் யாரும் காத்திருக்கவில்லை.

ஆறு இன்றும் பிரச்சினையா என்று கேட்டவருக்கு: ஆமாம். 2023-ல் அர்ஜென்டினா, சாந்தா ஃபேக்கு மேலே ஆற்றில் போகும் பார்ஜ்களுக்குச் சுங்கம் வசூலிக்க ஆரம்பித்தது. பராகுவே கடுமையாக எதிர்த்தது. பிரேசில், உருகுவே, பொலிவியாவும் பக்கத்தில் நின்றன. ஒரு படகை அர்ஜென்டினா பிடித்தே வைத்தது. அர்ஜென்டினா தரப்பு, ஆழப்படுத்தவும் மிதவை போடவும் செலவாகிறது, யார் கொடுப்பது என்கிறது. மிதவை சரியாக இருந்தால்தான் இருட்டில் வளைவைத் திருப்ப முடியும். ஆற்றில் கப்பல் ஓட்டியவன் என்ற முறையில் அந்தச் செலவை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைக் காட்டி, இருவரும் ஒத்துக்கொண்ட தொகையாக அது இருக்க வேண்டும். 1811 ஜூலைக் கடிதம் கேட்டதும் அவ்வளவுதான்.